மீறாப்பட்டணத்து ஆயர்: கேள்விகளும் என் பதில்களும்

டிசம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திருச்சபை வரலாற்றை இருபது வருஷமாகப் படித்துக்கொண்டிருப்பவன், அதிலும் புனித நிக்கோலாஸ் என்றால் எனக்குத் தனிப் பிரியம். அதனால் கேள்விகளை அனுப்புங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்ததில் பெரும்பாலானவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆசிரியை: கிறிஸ்துமஸ் தாத்தாவை ஒரு குளிர்பான கம்பெனிதான் உருவாக்கியது என்று என் மாணவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை டீச்சர். கோகோ கோலா விளம்பரத்துக்காக ஹாடன் சண்ட்ப்ளோம் என்ற ஓவியர் தாத்தாவை வரைய ஆரம்பித்தது 1931இல். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது நிஜம்தான். ஆனால் அதற்கு அறுபது எழுபது வருஷம் முன்பே, குண்டான, தாடி வைத்த தாத்தாவை தாமஸ் நாஸ்ட் அமெரிக்கப் பத்திரிகைகளில் வரைந்துகொண்டிருந்தார். அவருக்கும் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னால், இன்றைய துருக்கியின் தென்கடற்கரையில் மீரா என்ற ஊரில் நிக்கோலாஸ் என்று ஓர் ஆயர் இருந்தார். அந்தப் பெயர் டச்சு மொழியில் சின்டர்கிளாஸ் ஆகி, அமெரிக்காவில் சாண்டா கிளாஸ் ஆனது. பையன்களிடம் பெயரை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி: அவர் உண்மையிலேயே வாழ்ந்தவரா அண்ணா? பைபிளில் இருக்கிறாரா?

பைபிளில் அவர் இல்லை, அவர் காலம் மூன்றாம், நான்காம் நூற்றாண்டு. ஆனால் அவருடைய ஊர் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பார். பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகும்போது லீசியா நாட்டு மீறாப்பட்டணத்தில் கப்பல் மாறுகிறார்கள். அந்த மீறாதான் மீரா. அங்கே அவர்கள் ஏறுவது எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போகிற கப்பல், அதில் கோதுமை இருந்தது என்பது அதிகாரத்தின் கடைசியில் அதைக் கடலில் கொட்டும்போதுதான் நமக்குத் தெரிகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள், கீழே கோதுமைக் கப்பல் திரும்ப வரும்.

வாழ்ந்தவரா என்றால், வாழ்ந்தவர்தான் என்பேன். அவர் கைப்பட எழுதியது ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை, கூட வாழ்ந்தவர்கள் எழுதியதும் இல்லை. மரபுப்படி பத்தாரா என்ற துறைமுக ஊரில் 270 வாக்கில் பிறந்தார், 343 டிசம்பர் 6இல் இறந்தார். ஆறாம் நூற்றாண்டுக்கு வந்தால் நிலைமை வேறு: கான்ஸ்டான்டிநோபிளில் அவர் பெயரில் கோயில் இருக்கிறது, நிரபராதிகள் மூன்று பேரின் கழுத்துக்கு வந்த வாளை அவர் தடுத்த கதை எழுத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊர், பதவி, நினைவு நாள் மூன்றும் இவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை வெறும் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அதே லீசியாவில் ஆறாம் நூற்றாண்டில் சீயோன் மடத்து நிக்கோலாஸ் என்று இன்னொரு துறவி இருந்தார். அவருடைய கதைகள் சில இவர் கணக்கில் ஏறிவிட்டன. பெற்றோர் பெயர் போன்ற நுணுக்கமான விவரங்களை யாராவது சொன்னால் அது பெரும்பாலும் அவருடையது.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி: பரிசு கொடுப்பவர் என்ற பேர் எப்படி வந்தது? ஏதோ மூன்று பெண்கள் கதை என்று கேள்விப்பட்டேன்.

நான் காத்திருந்த கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பத்தாராவில் ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்து நொடித்துப்போன மனிதர் ஒருவர். மூன்று பெண்கள், மூன்று பேரும் கல்யாண வயதில். சீதனம் கொடுக்க வழியில்லை. அந்தக் காலத்து ரோம சமுதாயத்தில் சீதனம் இல்லாத பெண்ணைக் கௌரவமான வீட்டில் கட்டிக்கொள்ள ஆள் வரமாட்டார்கள். எல்லாக் கதவும் அடைத்ததும் அந்தத் தகப்பன் பெண்களைப் பரத்தைமைத் தொழிலில் தள்ளிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். குழந்தைகளுக்குச் சொல்லும்போது இந்த இடத்தை நாம் விழுங்கிவிடுகிறோம். பழைய ஏடு விழுங்கவில்லை, நேராகவே சொல்கிறது.

நிக்கோலாஸ் அப்போது ஆயர் இல்லை. பெற்றோர் இறந்து சொத்து கைக்கு வந்திருந்த இளைஞர். விஷயம் காதுக்கு வந்ததும் ஒரு துணியில் பொற்காசுகளை முடிந்துகொண்டு, ராத்திரியில் போய், ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டு வந்துவிட்டார். விடிந்ததும் தகப்பன் பார்க்கிறார், மூத்தவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. மறுபடி ஒரு ராத்திரி, மறுபடி ஒரு முடிப்பு, இரண்டாவது பெண்ணுக்கும் கல்யாணம். மூன்றாவது தடவையும் வருவார் என்று எதிர்பார்த்துத் தகப்பன் தூங்காமல் கிடக்கிறார். காசு விழும் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடித் துரத்திப் பிடித்துக் காலில் விழுகிறார். நிக்கோலாஸ் அவரைத் தூக்கிவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: நான் உயிரோடு இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்.

ஒன்பதாம் நூற்றாண்டில் மிக்கேல் என்ற மடத்துத் தலைவர் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய முழு வரலாறு. இந்தக் கதை அதில் இருக்கிறது. வரலாற்று ஆய்வாளர் இதை அப்படியே நடந்தது என்று கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார். நானும் தரமாட்டேன். ஆனால் இந்தக் கதையைச் சொன்னவர்கள் எதை முக்கியமாக நினைத்தார்கள் என்று பாருங்கள். வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை ஒருவர் அச்சுப் பிசகாமல் செய்து காட்டினால் எப்படி இருக்கும், அதுதான் இந்தக் கதை. ராத்திரி எதற்கு? கொடுத்தவர் யார் என்று தெரியக்கூடாது, வாங்குகிறவர் தலைகுனியக்கூடாது. கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாரும் தூங்கிய பிறகு வருவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

நகைக்கும் ரொக்கத்துக்கும் பயந்து பெண்ணைப் பெற்றவர்கள் தூக்கம் தொலைப்பது நமக்குப் புதுசில்லை. இந்தக் கதையை நம் ஆலயங்களில் ஏன் அடிக்கடி சொல்வதில்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதே சகோதரி: அப்படியென்றால் காலுறை தொங்கவிடுவது?

பழைய ஏட்டில் ஜன்னல் மட்டும்தான். புகைபோக்கி வழியாகக் காசு விழுந்து காயப்போட்டிருந்த காலுறைக்குள் போனது என்பதெல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தது. ஓவியர்கள் அந்த மூன்று முடிப்பை மூன்று தங்க உருண்டைகளாக வரைந்தார்கள். ஐரோப்பியக் கோயில்களில் ஓர் ஆயர் கையில் மூன்று உருண்டைகளோடு நின்றால், பெயரே பார்க்க வேண்டாம், இவர்தான்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மீனவ நண்பர்: இவர் கடலோடிகளுக்கும் பாதுகாவலர் என்கிறார்களே?

ஆமாம் அண்ணே. பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் என்ற பேர் பரவுவதற்கு முன்பே அவர் கப்பல்காரர்களின் புனிதர். மீரா நகரத்தின் துறைமுகமான அந்திரியாக்கே, எகிப்துக் கோதுமைக் கப்பல்கள் தங்கிப் போகிற இடம். பஞ்சம் வந்தபோது அரசாங்கக் கோதுமையோடு நின்ற கப்பல்களிடம் நிக்கோலாஸ் போய், கொஞ்சம் இறக்கித் தாருங்கள் என்று கேட்டார். அளந்து ஏற்றிய சரக்கு, குறைந்தால் எங்கள் தலை போய்விடும் என்றார்கள். குறையாது, நான் பொறுப்பு என்றார். இறக்கினார்கள். தலைநகரில் அளந்தபோது ஒரு படிகூடக் குறையவில்லை என்பது கதை. புயலில் சிக்கியவர்கள் அவரைக் கூப்பிட்டதும் கப்பலில் வந்து நின்று கயிற்றைப் பிடித்தார் என்றும் சொல்வார்கள். கிரேக்கக் கப்பல்களில் இன்றும் அவர் படம் இருக்கும். நம் கடற்கரையில் அந்தோணியாரையும் மாதாவையும் கூப்பிடுகிற மாதிரிதான்.

பெங்களூரிலிருந்து ஒரு இறையியல் மாணவர்: நிசேயா சங்கத்தில் ஆரியுஸை அறைந்தார் என்பது?

இயேசுவும் படைக்கப்பட்டவர்தான் என்று போதித்த ஆரியுஸ் என்ற குருவைக் கண்டிக்க ஆயர்கள் கூடிய சங்கம் அது. 325இல் நடந்த அந்த நிசேயா சங்கத்துக்கு அவர் போயிருக்கலாம். கலந்துகொண்டவர்களின் பட்டியல்கள் பல இருக்கின்றன, சிலவற்றில் அவர் பெயர் உண்டு, சிலவற்றில் இல்லை. ஆனால் சங்கத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய, அந்தக் காலத்து அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் இவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அறை விழுந்த கதை ஆயிரம் வருஷம் கழித்து, 14ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது, அதிலும் ஆரியுஸ் என்று பெயர் இல்லை, ஆரியுஸ் கட்சிக்காரர் ஒருவர் என்றுதான் இருக்கிறது. கேலிப்படமாகப் பரப்ப நன்றாக இருக்கும். பிரசங்கத்தில் வரலாறு என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

கொழும்பிலிருந்து ஓர் ஐயா: அவருடைய கல்லறை இப்போது எங்கே இருக்கிறது?

கல்லறை துருக்கியில், எலும்புகள் இத்தாலியில்.

1071இல் கிழக்கு ரோமப் பேரரசு மன்சிக்கெர்ட் போரில் தோற்ற பிறகு அந்தப் பகுதி செல்ஜூக் துருக்கியர் கைக்குள் வந்துகொண்டிருந்தது. புனிதரைக் காப்பாற்றப்போகிறோம் என்ற பேச்சு இத்தாலியத் துறைமுகங்களில் கிளம்பியது. காப்பாற்றுவதோடு, அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்கு யாத்திரிகர் கூட்டமும் வியாபாரமும் வரும் என்ற கணக்கும் இருந்தது, வெனிஸும் அதே எண்ணத்தில் இருந்தது. பாரி நகர மாலுமிகள் 1087இல் முந்திக்கொண்டார்கள். காவலிருந்த துறவிகளை மடக்கி, இரும்புத் தடியால் கல்லறைப் பெட்டியை உடைத்தார்கள். உள்ளே எலும்புகள் ஒரு தெளிந்த நீரில் கிடந்தன என்று அவர்கள் பக்கக் குறிப்பே சொல்கிறது. அவசரத்தில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். மே 9ஆம் தேதி பாரியில் கரையேறினார்கள். அந்த ஊரில் அதுவும் பெரிய திருவிழா.

முதல் சிலுவைப்போர் சமயத்தில் வந்த வெனிஸ்காரர்கள், விட்டுப்போன சின்னச் சின்னத் துண்டுகளைப் பொறுக்கிப் போனார்கள். இரண்டு ஊரும் எங்களிடம்தான் நிக்கோலாஸ் என்று நூற்றாண்டுக் கணக்கில் சண்டை. 1950களில் பாரி கல்லறையைப் பழுதுபார்க்கத் திறந்தபோது லூயிஜி மார்த்தினோ என்ற உடற்கூறியல் பேராசிரியர் எலும்புகளை ஒவ்வொன்றாக அளந்து குறித்தார். அப்புறம் 1992இல் வெனிஸில் இருந்த துண்டுகளையும் பார்த்தார். அங்கே இல்லாதது இங்கே இருந்தது, இரண்டும் ஒரே எலும்புக்கூட்டின் பகுதிகளாக இருக்கலாம் என்பது அவர் முடிவு. 2017இல் ஆக்ஸ்போர்டில், அமெரிக்காவில் இருக்கும் ஓர் இடுப்பெலும்புத் துண்டைக் கரிமக் காலக்கணிப்பு செய்தார்கள். நான்காம் நூற்றாண்டு என்று வந்தது. அது அவருடையதுதான் என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது, ஆனால் காலம் பொருந்துகிறது.

இன்றும் மே 9ஆம் தேதி பாரி பேராலயத்தின் நிலவறையில் ஒரு குருவானவர் பீடத்தின் அடியில் மண்டியிட்டு, சிறு திறப்பு வழியாகக் கையை விட்டு, கல்லறைக்குள் ஊறியிருக்கும் நீரை எடுப்பார். அதை மன்னா என்கிறார்கள். தண்ணீரில் கலந்து சின்னக் குப்பிகளில் யாத்திரிகர்களுக்குக் கொடுப்பார்கள். ரஷ்யாவிலிருந்து வருகிறவர்கள் அந்தக் குப்பியை வாங்கும்போது கை நடுங்கும். மேலே கத்தோலிக்கப் பூசை நடக்கும், கீழே அதே நிலவறையில் ஆர்த்தடாக்ஸ் வழிபாடும் நடக்கும். இரண்டு சபைகளும் பிரிந்து ஏறத்தாழ ஆயிரம் வருஷம் ஆகிறது ஐயா, இவர் காலடியில் மட்டும் இப்படி.

சென்னையிலிருந்து ஒருவர்: 1969இல் போப் இவரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாராமே?

நீக்கவில்லை. ஆறாம் பவுல் காலத்தில் திருநாட்காட்டியைத் திருத்தியபோது டிசம்பர் 6 விருப்ப நினைவு ஆனது, அதாவது கொண்டாடியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவ்வளவுதான்.

டொரான்டோவிலிருந்து ஓர் அக்கா: டிசம்பர் 6 அவர் நாள் என்றால் 24 இரவுக்கு எப்படி வந்தார்? ஆயர் உடை எங்கே போனது?

மத்தியகால ஐரோப்பாவில் பிள்ளைகளுக்குப் பரிசு கிடைத்த நாள் டிசம்பர் 6, அல்லது அதற்கு முந்தின இரவு. மார்ட்டின் லுத்தர் சீர்திருத்தம் வந்ததும் புனிதர் வணக்கத்தோடு இந்தப் பழக்கமும் கேள்விக்குள்ளானது. பரிசைக் கொண்டுவருவது குழந்தை இயேசு, கிறிஸ்ட்கின்ட், என்று ஜெர்மன் லுத்தரன் வீடுகளில் மாற்றினார்கள், நாளும் கிறிஸ்துமஸுக்கு நகர்ந்தது. டச்சுக்காரர்கள் மட்டும் விடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் சில நகர நிர்வாகங்கள் தடைகூடப் போட்டுப் பார்த்தன, வீட்டுக்குள் பிள்ளைகள் காலணி வைப்பதை யார் தடுப்பது? இன்றும் நெதர்லாந்தில் டிசம்பர் 5 சாயங்காலம்தான் பரிசு. சின்டர்கிளாஸ் வெள்ளைத் தாடி, ஆயர் தொப்பி, செங்கோல், சிவப்பு மேலங்கியோடு வருவார். அவர் குதிரைக்காகப் பிள்ளைகள் காலணிக்குள் கேரட் வைப்பார்கள்.

நியூயார்க் முதலில் டச்சுக் குடியேற்றம், 1664இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அங்கே நிக்கோலாஸைத் தூசி தட்டி எடுத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்ப்பற்று மிக்க சில பெரிய மனிதர்கள். ஜான் பின்டார்ட் 1810 டிசம்பர் 6இல் வரலாற்றுச் சங்கத்தில் அவருக்கு விருந்து வைத்தார், வாஷிங்டன் இர்விங் என்ற எழுத்தாளர் நியூயார்க்கைப் பற்றிய தன் நகைச்சுவை வரலாற்றில் அவரைக் கூரைகள் மேல் ஓட்டினார். 1821இல் வந்த ஒரு சிறுவர் பாட்டில் ஒரே ஒரு கலைமான் இழுக்கும் வண்டியில், கிறிஸ்துமஸ் முந்தின இரவில் வருகிறார். 1823 டிசம்பர் 23இல் டிராய் என்ற ஊர்ப் பத்திரிகையில் பெயர் போடாமல் ஒரு கவிதை வந்தது, அதில் எட்டு மான்கள், புகைபோக்கி, தொங்கும் காலுறைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. கிளமென்ட் மூர் என்ற பேராசிரியர் பிற்பாடு அது தன்னுடையது என்றார், அவரும் ஓர் ஆயரின் மகன்தான். ஆனால் அந்தக் கவிதையில் ஆயர் தொப்பி இல்லை, சிலுவை இல்லை. கம்பளித்தோல் உடுத்திப் புகையிலைக் குழாய் பிடிக்கிற குட்டி மனிதர்தான் இருக்கிறார். பெயரில் மட்டும் புனிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அந்தக் கவிதையை ரசிப்பேன், ஆனால் அந்த மூன்று பெண்கள் காணாமல் போனது அங்கேதான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரர்: இவர் உண்மையில் ஓடின் என்ற பழைய ஜெர்மானியக் கடவுள், சபை பேர் மாற்றிவிட்டது என்று எங்கள் போதகர் சொல்கிறார்.

போதகர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் அவர் சொல்வதை ஏற்க முடியாது சகோதரரே. தாடி, குதிரை, குளிர்கால இரவு, இந்த மூன்றும் ஒத்துப்போகின்றன என்பதைத் தவிர இரண்டையும் இணைக்க ஆதாரம் கிடையாது. கூரைமேல் குதிரையில் போகும் சின்டர்கிளாஸ் படம் பரவியது 1850இல் யான் ஷென்க்மன் என்ற ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் போட்ட சிறுவர் புத்தகத்தால்தான். நிக்கோலாஸ் வணக்கமோ கிரேக்க மொழி பேசிய கிழக்குச் சபையில் தொடங்கியது, ஓடினுக்கும் அந்த மண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ஆல்ப்ஸ் மலை ஊர்களில் நிக்கோலாஸோடு கொம்பு வைத்த கிராம்புஸ் என்ற பூத வேஷமும் வருகிறது, அங்கே பழைய குளிர்கால வேஷங்களின் சாயல் இருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

துபாயிலிருந்து ஒருவர்: என்னோடு வேலை செய்யும் கிரேக்கர், பரிசு கொண்டுவருவது நிக்கோலாஸ் இல்லை, பசில் என்கிறார்.

சரியாகத்தான் சொல்கிறார். கிரேக்கர்களுக்கு ஆயியோஸ் வசிலிஸ், செசரியா ஆயர் புனித பசிலியார், ஜனவரி 1. அன்றைக்கு வெட்டும் கேக்குக்குள் ஒரு காசு ஒளித்திருக்கும். ஸ்பெயினில் ஜனவரி 6இல் மூன்று ராஜாக்கள்.

வேலூரிலிருந்து ஓர் அம்மா: என் மகளுக்கு எட்டு வயது. தாத்தா நிஜமா என்று கேட்கிறாள். நல்ல பிள்ளைகளுக்கு மட்டும்தான் தருவாரா என்றும் கேட்கிறாள். என்ன சொல்வது?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று கணக்கு வைப்பது பிற்காலத்துப் பிரம்பு. 1821ஆம் வருஷப் பாட்டிலேயே பிரம்பு இருக்கிறது. பத்தாராவில் அந்த வாலிபர் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவர்கள் நல்லவர்களா என்று விசாரிக்கவில்லை. பெண்களை விற்க நினைத்த தகப்பன் அந்த வீட்டுக்குள்தான் இருந்தான். அதனால் அவளைப் பயமுறுத்தாதீர்கள் அம்மா.

முதல் கேள்விக்கு, நிக்கோலாஸ் என்று ஒருவர் இருந்தார் என்று சொல்லுங்கள், எட்டு வயதுக்கு ஏற்ற மாதிரி கதையைச் சொல்லுங்கள், அப்புறம் அவளிடமே ஒரு வேலை கொடுங்கள். தெருவில் யாருக்காவது, அவர்களுக்குத் தெரியாமல், ஒரு பொட்டலம் வைத்துவிட்டு வர வேண்டும். எங்கள் ஊர் கேரல் ரவுண்ட்ஸில் ரப்பர் முகமூடியும் பஞ்சுத் தாடியுமாகத் தாத்தா வேஷம் போடுகிறவர் யார் என்று சபையில் பெரியவர்கள் யாருமே வாயைத் திறக்க மாட்டார்கள். பல வருஷம் கழித்து அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, ஆலயத்தில் மணியடிக்கிறவர், மிட்டாய்க்கான காசும் அவர் கைக்காசு. மீராவின் ஆயருக்கு நான் பார்த்ததில் அவரைவிட நெருக்கமானவர் யாரும் இல்லை.

கடைசியாக, சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: துருக்கி போகிறோம். பார்க்க என்ன இருக்கிறது?

ஊரின் இன்றைய பெயர் தெம்ரே. அந்தாலியாவிலிருந்து மேற்கே கடலோரமாகவே போகவேண்டும். ஆற்று வண்டல் படிந்து படிந்து பழைய நகரம் புதைந்துவிட்டதால் நிக்கோலாஸ் கோயிலுக்குத் தெருவிலிருந்து இறங்கித்தான் போவீர்கள். சுவரோவியங்கள் மங்கியிருக்கும், அவசரப்படாமல் பாருங்கள். பக்கத்துச் சிற்றாலயம் மாதிரியான பகுதியில் ஒரு கல் பெட்டி இருக்கும், மேலெல்லாம் மீன் செதில் போலச் செதுக்கியது, ஒரு பக்கம் பெயர்ந்து ஓட்டையாக இருக்கும். நிக்கோலாஸின் பெட்டி என்று காட்டுவது அதைத்தான். பிறகு நேரம் இருந்தால் அந்திரியாக்கே துறைமுகத்துக்கும் போய்விடுங்கள், ரோமர்கள் கட்டிய தானியக் கிடங்கு இன்னும் நிற்கிறது, இப்போது அது அருங்காட்சியகம்.